சினிமா படிக்கப் போவது வீணா?

சடையங்குப்பத்தில் எங்கள் தெருக்காரர் ஒருவர் சென்ற மாதம் மகளை அழைத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். “பௌதிகத்துல நல்ல மார்க்கு சார். உங்க காலேஜுல சேர்க்கலாம்னு பார்த்தா, சினிமா படிக்கப் போறேங்குது. நீங்களாச்சும் எடுத்துச் சொல்லுங்க” என்றார்.

எடுத்துச் சொல்லத்தான் நானும் வாயெடுத்தேன். அதற்குள் அவள் தன் செல்போனைக் காட்டினாள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது ஊருக்குள் வெள்ளம் புகுந்த கதையை ஒரு பாட்டி சொல்லிக்கொண்டிருந்தார். (தொலைக்காட்சிக் காமிராக்கள் வெள்ளம் வந்தால்தான் எங்கள் பக்கம் தலைகாட்டும். இவள் வெள்ளம் வடிந்தபின் எடுத்திருக்கிறாள்.) ஆனால் பாட்டியின் முகத்தின்மேல் கறுப்புப் பட்டைகள் ஊர்ந்துகொண்டே இருந்தன. “இது ஏன் சார்?” என்று கேட்டாள்.

மாணவ நண்பர்களே, இது முழுக்க முழுக்கப் பௌதிகக் கேள்வி! நம் வீட்டு மின்சாரம் விநாடிக்கு 50 சுற்றுகள் கொண்டது. ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை உச்சத்தைத் தொடுவதால், சில விளக்குகளின் ஒளி விநாடிக்கு 100 முறை கூடிக் குறைகிறது. நம் கண்ணுக்கு இது தெரிவதில்லை. செல்போன் காமிராவோ படத்தை மேலிருந்து கீழாக வரிவரியாகப் பதிகிறது. ஆகவே சில வரிகளுக்கு ஒளி மிகுதியாகவும் சிலவற்றுக்குக் குறைவாகவும் கிடைக்கிறது. ஷட்டர் நேரத்தை 1/50 அல்லது 1/100 விநாடியாக வைத்தால், எல்லா வரிகளுக்கும் முழுத் துடிப்புகள் கிடைத்துவிடும், பட்டைகள் மறையும். வைத்துப் பார்த்தோம், மறைந்தன.

சினிமாப் படிப்பு என்றால் நடிப்பும் பாட்டும்தான் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். சென்னையில் அது தொடங்கிய விதமே வேறு. 1945-இல் சென்ட்ரல் பாலிடெக்னிக்கின் ஒரு பிரிவாக, ஒளிப்பதிவையும் ஒலிப்பதிவையும் கற்பிக்கவே அது தொடங்கப்பட்டது. இன்று தரமணியில் எம்.ஜி.ஆர். பெயரில் இயங்கும் அரசு நிறுவனம் அதன் வழி வந்ததே. ஒளிப்பதிவாளர் பி.சி.ஸ்ரீராம் அங்கு பயின்றவர். கேரளத்தின் ரசூல் பூக்குட்டி பி.எஸ்ஸி. பௌதிகம் முடித்து, பூனா திரைப்படக் கல்லூரியில் ஒலிப்பதிவு கற்று, 2009-இல் ஒலிக்கலவைக்கான ஆஸ்கார் விருதை வேறு இருவருடன் பகிர்ந்துகொண்டார்.

எனவே நல்ல மதிப்பெண் பெற்ற பெண் சினிமா படிக்கப் போனால் அறிவியலுக்கு நட்டம் என்ற பேச்சை நான் ஏற்கவில்லை. லென்ஸையும் அதிர்வெண்ணையும் தேர்வுக்காக மனப்பாடம் செய்துவிட்டு மறந்துபோகும் பட்டதாரிகளை ஆண்டுதோறும் பார்க்கிறேன். அதுதான் நட்டம்.

“வேலை கிடைக்குமா சார்?” என்றார் தகப்பனார். நியாயமான கேள்வி. உறுதி சொல்ல என்னால் முடியவில்லை. “என் கல்லூரியில் பௌதிகம் சேர்ந்தாலும் அந்த உறுதியை நான் தர முடியாதே, அண்ணே” என்றேன். சற்று யோசித்துவிட்டு, தரமணிக்கு எந்த பஸ் போகும் என்று கேட்டார்.