கல் ஊன்றும் முன் ஊரைக் கேளுங்கள்

தென்காசி மாவட்டத்துப் புளியங்குடிக்கு நல்ல சாலை வேண்டும். இதில் ஊரில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. மதுரை–கொல்லம் தேசிய நெடுஞ்சாலை ஊருக்குள் வரும்போது கடைவீதியாகிவிடுகிறது. கேரளத்துக்குப் போகும் சரக்கு லாரியும், எலுமிச்சை மூட்டை ஏற்றிய மினி வேனும், பள்ளி விட்டு வரும் பிள்ளைகளின் சைக்கிளும் ஒரே தாரில் முட்டிமோதிக்கொண்டு போக வேண்டியிருக்கிறது. அப்படியிருந்தும், ராஜபாளையத்திலிருந்து செங்கோட்டை வரை நான்குவழிச்சாலை என்ற திட்டம் வந்தபோது இந்த வட்டாரத்து விவசாயிகள் எதிர்த்து நின்றார்கள். சாலையே கூடாது என்று அவர்கள் சொல்லவில்லை. நன்செய், கிணறு, தென்னந்தோப்பு எல்லாவற்றையும் அறுத்துக்கொண்டு வரும் பாதையை விட்டுவிட்டு மாற்றுப்பாதையில் கொண்டுபோங்கள் என்றுதான் கேட்டார்கள். மனுக் கொடுத்தார்கள், போராட்டம் நடத்தினார்கள்.

அந்தக் கோரிக்கையின் பக்கம்தான் நாம் நிற்கிறோம். அதைவிட முக்கியமாக ஒன்றைக் கேட்கிறோம். இந்த ஊரின் நிலத்தையும் நீரையும் நன்கறிந்தவர்களிடம், வரைபடம் போட்டு முடித்த பிறகுதானா பேச வேண்டும்?

சட்டம் இருக்கும் விதம் அப்படி. 1956-ஆம் ஆண்டு தேசிய நெடுஞ்சாலைகள் சட்டப்படி, நிலம் எடுக்கப்போகும் அறிவிப்பு வந்த பிறகு ஆட்சேபம் தெரிவிக்க நிலத்துக்காரருக்குக் கிடைப்பது 21 நாள். 2013-இல் வந்த நிலம் கையகப்படுத்தல் சட்டம் கொண்டுவந்த சமூகத் தாக்க மதிப்பீடு தேசிய நெடுஞ்சாலைகளுக்குப் பொருந்தாது. இழப்பீடு, மறுவாழ்வு தொடர்பான பகுதிகள் மட்டுமே பொருந்தும். சுற்றுச்சூழல் அனுமதி எப்போது வாங்க வேண்டும்? சென்னை–சேலம் எட்டுவழிச்சாலை வழக்கில் 2019 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் நில எடுப்பு அறிவிப்பை ரத்து செய்தது. 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், நில எடுப்புக்கான அந்த முதல் அறிவிப்புக்கு முன்பே சுற்றுச்சூழல் அனுமதி பெற வேண்டிய அவசியமில்லை என்று தீர்ப்பளித்தது. ஆக, முதலில் பாதை, பிறகு ஆய்வு, கடைசியில் மக்கள். இந்த வரிசை மாறாதவரை நெடுஞ்சாலைத் திட்டம் ஒவ்வொன்றும் போராட்டத்தில்தான் போய் முடியும்.

சாலை ஒரு பக்கம் இருக்கட்டும். 2019 நவம்பர் 22-இல் தென்காசி தனி மாவட்டமானது. மாவட்டத் தலைநகருக்கு அருகில் இருக்கும் ஊர்களில் மனை விலை ஏறும், அது இயல்பு. 2011 கணக்கெடுப்பிலேயே 66 ஆயிரம் பேரைத் தொட்ட புளியங்குடியைச் சுற்றி இன்று நடப்பதைப் பார்ப்பவர்களுக்கு இது புதிதல்ல. தோட்டத்தில் ஒரு நாள் ஜேசிபி இறங்கும். மரங்கள் வேரோடு சாயும். செம்மண்ணை நிரவி, வெள்ளையடித்த கல் நட்டு, கலர் கொடி கட்டி, முகப்பில் வளைவு எழுப்பினால் நகர் ஒன்று பிறந்துவிடும். தோட்டத்தின் ஓரமாகப் போன மூன்றடி வாய்க்கால் ஒரு சிமென்ட் குழாய்க்குள் நுழையும். அடுத்த ஐப்பசி மழைக்கு அந்தக் குழாய் அடைத்துக்கொள்ளும்.

வாய்க்கால்தானே என்று விட்டுவிட முடியாது. மேற்கு மலையிலிருந்து இறங்கும் தண்ணீரை நம்பியே இந்த அடிவாரத்துக் குளங்கள் வெட்டப்பட்டன. மேல்குளம் நிறைந்து மறுகால் பாய்ந்தால்தான் கீழ்க்குளத்துக்கு நீர் வரும். அது பெருகினால் அடுத்ததற்கு. நடுவே ஒரு கண்ணி அறுந்தால், மேலே வயல் மூழ்கும், கீழே குளம் காயும். மனைப்பிரிவுக்கும் இது பொருந்தும், மண்ணைக் கொட்டி மேடாக்கிப் போடும் நான்குவழிச்சாலைக்கும் பொருந்தும். எங்கே பாலம் வைக்க வேண்டும், எத்தனை அகலத்தில் வைக்க வேண்டும் என்பது மடை திறந்து பழகியவருக்குத் தெரியும். செயற்கைக்கோள் படத்தில் அது தெரியாது.

எலுமிச்சையால் பேர் வாங்கிய ஊர் இது. இங்கே ஏலம் போகும் காய்தான் கேரளச் சந்தைக்கு லாரி லாரியாகப் போகிறது. 2025-இல் புளியங்குடி எலுமிச்சைக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. அந்தக் குறியீட்டுக்கு அடிப்படை இந்த மண்ணும் இந்தத் தண்ணீரும். தோட்டங்களைப் பிளாட் போட்டு விற்றுவிட்டு, சான்றிதழை மட்டும் கண்ணாடிச் சட்டத்தில் மாட்டி வைத்து என்ன செய்வது?

தோட்டத்தை விற்கும் விவசாயியை நாம் குறை சொல்ல மாட்டோம். கன்று நட்டுக் காய்ப்புக்கு வர நாலைந்து ஆண்டு காத்திருக்க வேண்டும். கோடையில் கிலோ நூறு ரூபாயைத் தாண்டும் காய், வரத்து மிகுந்த காலத்தில் பறிகூலிக்கும் கட்டாமல் போகும். வாடல் நோய் வேறு. மகளின் கல்யாணமோ மருத்துவச் செலவோ வந்து நிற்கும்போது மனை வியாபாரி ரொக்கத்தோடு வாசலில் நிற்கிறார். விவசாயி விற்காமல் இருக்க வேண்டுமென்றால், காயைச் சேமிக்கக் குளிர்பதனக் கிடங்கும், விலை சரியும்போது ஊறுகாய்க்கும் சாறுக்கும் வாங்கிக்கொள்ளும் ஆலையும் உள்ளூரில் வேண்டும். வளர்ச்சி என்று நாம் சொல்வது இதையும் சேர்த்துத்தான்.

அங்கீகாரமற்ற மனைகளின் பத்திரப்பதிவுக்கு 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது நினைவிருக்கும். அடுத்த ஆண்டே வரன்முறை விதிகள் வந்தன. காலக்கெடு திரும்பத் திரும்ப நீட்டிக்கப்பட்டது. தவறு நடந்த பிறகு அபராதம் வாங்கிக்கொண்டு சரியாக்குவது அரசுக்குப் பழகிவிட்டது. அழிந்த வாய்க்கால் எந்த அபராதத்திலும் திரும்புவதில்லை.

மக்கள் முன்கூட்டியே பேச வழி இல்லையா? இருக்கிறது, முழுமையாகப் பயன்படுத்துவதில்லை. சுற்றியுள்ள சின்ன ஊராட்சியில்கூட ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூட வேண்டும். இத்தனை பேர் வாழும் நகராட்சியில் பல காலம் அப்படியொரு இடமே இல்லாமல் இருந்தது. 2022-இல் வார்டு குழு, பகுதி சபா விதிகள் வந்தன. அந்த ஆண்டு நவம்பர் 1-இல் பம்மலில் நடந்த பகுதி சபாவில் முதல்வர் மு.க.ஸ்டாலினே உட்கார்ந்து மக்களின் குறைகளைக் கேட்டார். நல்ல தொடக்கம். ஆனால் உங்கள் வார்டின் பகுதி சபா கடைசியாக என்றைக்குக் கூடியது, என்ன தீர்மானம் போட்டது என்று தெருவில் யாரையாவது நிறுத்திக் கேட்டுப் பாருங்கள். தெருவிளக்கும் சாக்கடையும் மட்டும் பேசிக் கலையும் கூட்டமாக அது சுருங்கிவிடக் கூடாது.

தீர்மானத்தால் என்ன ஆகும் என்று கேட்பவர்கள் மேலூர் பக்கம் பார்க்கலாம். 2024 நவம்பரில் அரிட்டாபட்டி உள்ளிட்ட பகுதியில் டங்ஸ்டன் சுரங்க ஏலம் முடிந்ததும் ஊர் ஊராகக் கிராம சபைகள் எதிர்த்துத் தீர்மானம் போட்டன. டிசம்பர் 9-இல் சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது. ஜனவரியில் ஆயிரக்கணக்கானோர் மதுரைக்கு நடந்தார்கள். 2025 ஜனவரி 23-இல் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. எல்லா இடத்திலும் இப்படி நடப்பதில்லை. பரந்தூர் விமான நிலையத்துக்கு எதிராக ஏகனாபுரம் கிராம சபை 2022 முதல் எத்தனையோ தீர்மானம் போட்டும் அரசு அசையவில்லை. ஆனாலும் எழுத்தில் பதிவான ஊரின் குரல், நீதிமன்றத்திலும் சட்டமன்றத்திலும் ஆவணமாகிறது. வாய்ப்பேச்சு ஆவதில்லை.

மலைக்கு அந்தப் பக்கம் கேரளம் 1996-லேயே மக்கள் திட்டத்தைத் தொடங்கி, திட்ட நிதியில் கணிசமான பங்கை உள்ளாட்சிகளிடம் கொடுத்து, உங்கள் ஊருக்கு என்ன வேண்டும் என்று வார்டுக் கூட்டங்களில் கேட்டது. குறைகள் உண்டு. ஆனால் கேட்கும் பழக்கம் அங்கே ஒரு தலைமுறைக்கு வந்துவிட்டது. நமக்கு அரசியல் சட்டத்தின் 74-ஆவது திருத்தம் தந்த மாவட்டத் திட்டக் குழு, பெரும்பாலும் மேலே முடிவானதற்குக் கையெழுத்திடும் குழுவாகவே இருக்கிறது.

இப்படிக் கேள்வி கேட்பவர்களை வளர்ச்சிக்குத் தடை போடுபவர்கள் என்று முத்திரை குத்துவது வழக்கமாகிவிட்டது. பாசனத் தண்ணீருக்காகச் செண்பகவல்லி தடுப்பணையைச் சீர்செய்யச் சொல்லி இந்த வட்டாரத்து விவசாயிகள் பல பத்தாண்டுகளாகக் கேட்கிறார்கள். அது வளர்ச்சிக்கான கோரிக்கை இல்லையா? தண்ணீர் கேட்டவர்களும் மாற்றுப்பாதை கேட்டவர்களும் இதே விவசாயிகள்தான்.

புளியங்குடி நகராட்சி உடனே செய்ய வேண்டியவை இவை. எல்லா வார்டுகளிலும் பகுதி சபாவைக் குறித்த நாளில் கூட்டி, தீர்மானங்களை நகராட்சி வாசலில் தமிழில் ஒட்ட வேண்டும். குளம், வாய்க்கால், மறுகால் ஓடை ஒவ்வொன்றையும் புல எண்ணோடு குறித்த வரைபடத்தை வெளியிட்டு, அதைத் தொடும் எந்த மனைப்பிரிவுக்கும் அந்த வார்டு மக்களைக் கேட்காமல் பரிந்துரை தரக் கூடாது. நகர் ஊரமைப்பு இயக்ககம் இந்த ஊருக்குத் தயாரிக்கும் எந்த முழுமைத் திட்டமும் தமிழில், எல்லோரும் பார்க்கும் இடத்தில் வைக்கப்பட்டு, ஆட்சேபங்களுக்கு எழுத்தில் பதில் தரப்பட வேண்டும். நான்குவழிச்சாலையைப் பொறுத்தவரை, விவசாயிகள் சொல்லும் மாற்றுப்பாதையையும் அதிகாரிகளின் பாதையையும் அருகருகே வைத்து, எதில் எத்தனை ஏக்கர் நன்செய், எத்தனை கிணறு, எத்தனை குளம் போகிறது என்ற கணக்கை மாவட்ட ஆட்சியர் பொதுவில் வைக்க வேண்டும். அதைப் பார்த்துப் பேச ஊர் தயாராக இருக்கிறது. அதுவரை தோட்டத்துக்குள் எல்லைக் கல் ஊன்ற யாரும் வரக் கூடாது.