அக்டோபரிலேயே கொட்டும் பனி: இமயமலை ட்ரெக்கிங் கிளம்பும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

2014 அக்டோபர் 12. வங்கக் கடலில் உருவான ஹூட்ஹூட் புயல் விசாகப்பட்டினத்தில் கரையைக் கடந்தது. ஆந்திரா, ஒடிசா கரையோரங்களில் இருந்து லட்சக்கணக்கான மக்கள் முன்கூட்டியே வெளியேற்றப்பட்டிருந்தார்கள். கரையைக் கடந்த புயல் வலுவிழந்து வடக்கு நோக்கிப் போனது. ‘அப்பாடா, ஓய்ந்தது’ என்று கடலோரம் மூச்சு விட்டது.

ஆனால், புயல் சுமந்து சென்ற ஈரம் ஓயவில்லை. இரண்டே நாளில் அது நேபாள இமயமலையில் மோதி, பனியாகக் கொட்டித் தீர்த்தது. அன்னபூர்ணா மலைப்பாதையில் 5,416 மீட்டர் உயரத்தில் இருக்கும் தோரோங் லா கணவாயைச் சுற்றி, மலையேறிகளும் வழிகாட்டிகளும் சுமை தூக்குபவர்களும் மாட்டிக்கொண்டார்கள். பனிப்புயலிலும் பனிச்சரிவிலும் 40-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அக்டோபர் என்பது அங்கே ட்ரெக்கிங் சீசனின் உச்சம். கடலோரத்துக்குக் கிடைத்த எச்சரிக்கை மலைப்பாதையில் இருந்தவர்களைச் சரியாகச் சென்று சேரவில்லை என்ற குறை பிறகு பெரிதாகப் பேசப்பட்டது.

எட்டு ஆண்டுகள் கழித்து, 2022 அக்டோபர் 4 அன்று, உத்தராகண்டின் திரௌபதி கா தண்டா மலையில் இன்னொரு பனிச்சரிவு. உத்தரகாசியில் உள்ள நேரு மலையேற்றப் பயிற்சி நிறுவனத்தின் குழு அதில் சிக்கியது. 27 பேரின் உடல்கள் கிடைத்தன, இருவரைக் காணவில்லை. இறந்தவர்களில் ஒருவர் பயிற்றுநர் சவிதா கன்ஸ்வால். அதே ஆண்டு மே மாதம்தான் எவரெஸ்ட், மகாலு என இரண்டு சிகரங்களை 16 நாட்களுக்குள் ஏறி முடித்திருந்தார். அனுபவசாலிகளையும் பனிச்சரிவு விட்டுவைப்பதில்லை.

சீசன் தொடக்கப் பனியில் என்ன ஆபத்து?

‘குளிர்காலம் முற்றினால்தானே ஆபத்து, தொடக்கத்தில் விழும் கொஞ்சம் பனி என்ன செய்துவிடும்?’ என்று தோன்றலாம். சிக்கலே அந்தக் கொஞ்சத்தில்தான் இருக்கிறது.

முதலில் விழும் பனி மெல்லிய படலமாக நிலத்தில் கிடக்கும். கோடையின் வெப்பத்தைத் தரை இன்னும் கொஞ்சம் வைத்திருக்கும். மேலே காற்றோ கடுங்குளிர். இந்த வெப்ப வித்தியாசத்தால் பனிக்குள்ளேயே நீராவி கீழிருந்து மேலே நகர்ந்து, மீண்டும் உறைகிறது. நாளாக ஆக, ஒன்றோடொன்று ஒட்டாத பெரிய பரல்களாகப் பனி மாறிவிடுகிறது. கையில் அள்ளினால் சர்க்கரை மாதிரி விரலிடுக்கில் உதிரும். வெயில் படாத வடக்குச் சரிவுகளில் இது அதிகம்.

அதன் மேல் திடீரென்று இரண்டு, மூன்று அடி புதுப்பனி விழுந்தால்? தரையில் ரவையைப் பரப்பி, அதன் மேல் கனமான பலகையை வைத்துச் சாய்த்தது போலத்தான். பலகை நிற்பது போலத் தெரியும். ஓர் ஆள் எடை கூடினால் போதும். அடியில் இருக்கும் ‘ரவை’ நொறுங்கி, மேலே உள்ள மொத்தப் பலகையும் வழுக்கிக்கொண்டு வரும்.

இப்படிப்பட்ட சரிவுகள் பெரும்பாலும் 30 முதல் 45 டிகிரி சாய்வில்தான் நடக்கின்றன. வீட்டு மாடிப்படியின் சாய்வை நினைத்துக்கொள்ளுங்கள். கிட்டத்தட்ட அங்கேதான் இந்தக் கணக்கு தொடங்குகிறது.

சத்தம் போட்டால் சரியுமா?

சினிமாவில் ஹீரோ கத்தினால் மலையே சரியும். நிஜத்தில் மனிதக் குரலுக்கு அந்த பலம் கிடையாது. உயிர் பறிக்கும் பனிச்சரிவுகளில் பத்தில் ஒன்பது, சிக்கியவரோ அவருடன் வந்தவரோ அந்தச் சரிவில் கால் வைத்ததால் தூண்டப்பட்டவை என்று வட அமெரிக்க, ஐரோப்பிய ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். ஆகவே, எங்கே கால் வைக்கிறோம் என்பதில்தான் பாதுகாப்பே இருக்கிறது.

மலை தரும் எச்சரிக்கைகள்

* பக்கத்துச் சரிவுகளில் புதிதாகப் பனி சரிந்த தடம்.
* நடக்கும்போது காலடியில் ‘வும்ப்’ என்று அமுங்கிய சத்தம். அடியில் உள்ள படலம் நொறுங்குகிறது என்று பொருள்.
* காலிலிருந்து கண்ணாடி விரிசல் போலப் பனியில் ஓடும் கோடுகள்.
* கடந்த ஓரிரு நாளில் கொட்டிய கனமான பனி, பலத்த காற்று. காற்று பனியை அள்ளிவந்து மலையின் மறுபக்கத்தில் குவித்துவிடும்.
* திடீரென்று ஏறும் வெயில்.

இவற்றில் ஒன்றைப் பார்த்தாலும் செங்குத்தான சரிவுகளையும், அவற்றின் அடிவாரத்தையும் தவிர்க்க வேண்டும். தட்டையான பாதையில் நடப்பவரையும் மேலிருந்து வரும் பனி விடாது.

நிமிடங்களில் உயிர்

பனியில் முழுதாகப் புதைந்தவரை முதல் 10 நிமிடங்களுக்குள் வெளியே எடுத்தால், பெரும்பாலானோர் பிழைக்கிறார்கள். அரை மணி நேரத்தைத் தாண்டினால் மூன்றில் ஒருவர் பிழைப்பதே அரிது. சரிந்து நின்ற பனி சிமென்ட் போல இறுகிவிடும். மூச்சுக்குக் காற்று இருக்காது.

2016 பிப்ரவரியில் சியாச்சினில் மெட்ராஸ் ரெஜிமென்ட் வீரர்கள் 10 பேர் புதைந்தபோது, லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பா ஆறு நாள் கழித்து உயிரோடு மீட்கப்பட்டார். நாடே பிரார்த்தனை செய்தது. ஆனாலும் பிப்ரவரி 11 அன்று அவர் இறந்தார். அப்படிப்பட்ட மீட்பு அபூர்வத்திலும் அபூர்வம்.

ஹெலிகாப்டர் வந்து சேர்வதற்குள் நேரம் முடிந்துவிடும். கூட இருப்பவர்கள்தான் காப்பாற்ற வேண்டும். அதற்கு மூன்று பொருட்கள் தேவை: புதைந்தவர் இருக்கும் இடத்தைச் சிக்னல் மூலம் காட்டும் டிரான்ஸீவர், பனிக்குள் குத்திப் பார்க்கும் நீளமான கம்பி, தோண்டுவதற்கு ஷவல். பயன்படுத்தப் பழகியிருக்கவும் வேண்டும்.

கிளம்பும் முன்

காஷ்மீர், இமாச்சல், உத்தராகண்ட் பகுதிகளுக்கு, பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனமான டிஆர்டிஓ-வின் டிஜிஆர்இ ஆய்வகம் பனிச்சரிவு எச்சரிக்கைகளை வெளியிடுகிறது. வானிலை அறிக்கையோடு இதையும் பாருங்கள். வங்கக் கடலில் புயல் என்று செய்தி வந்தால், மலைக்குப் போகிறவர்களும் காது கொடுக்க வேண்டும்.

ட்ரெக்கிங் நிறுவனத்திடம் பணம் கட்டும் முன் மூன்று கேள்விகள் கேளுங்கள். கனமழை, கனபனி என்றால் பயணத்தை நிறுத்துவீர்களா? மீட்புக் கருவிகள் உண்டா? கூடுதலாக இரண்டு நாள் ஒதுக்கியிருக்கிறீர்களா?

கடைசிக் கேள்வி முக்கியம். புதுப்பனி விழும்போதும், அது நின்ற முதல் ஓரிரு நாட்களிலும்தான் சரிவுகள் அதிகம். அடியில் ‘ரவை’ப் படலம் இருந்தால் ஆபத்து வாரக்கணக்கில்கூட நீடிக்கும். வானம் பளிச்சென்று வெளுத்திருக்கும். போட்டோ எடுக்கக் கை துறுதுறுக்கும். திங்கட்கிழமை ஆபீஸ், ரிட்டர்ன் டிக்கெட் எல்லாம் நினைவுக்கு வரும். காத்திருக்க நாள் கையில் இல்லாதவர்தான் அந்த நேரத்தில் சரிவில் கால் வைக்கிறார்.

வீட்டிலிருந்து வழியனுப்புபவர்களும் ஒன்று செய்யலாம். “பணம் கட்டியாச்சு, உச்சியைப் பார்க்காமலா திரும்புவது?” என்று பிள்ளைகளிடம் கேட்காமல், “பனி கொட்டினால் திரும்பி வந்துடு, அடுத்த வருஷம் போய்க்கலாம்” என்று கிளம்பும்போதே சொல்லி அனுப்புங்கள்.