தெரு அரண்மனையான கதை

நம்மிடம் அரபி ஓதிய மாணவர் ஒருவர், இப்போது கல்லூரியில் பயில்பவர், சென்ற மாதம் ஒரு நூலைத் தாளில் பொதிந்து கொண்டுவந்தார். எகிப்திய எழுத்தாளர் நஜீப் மஹ்ஃபூழ் எழுதிய நாவலின் ஆங்கிலப் பெயர்ப்பு அது. அட்டையில் 'பேலஸ் ஆஃப் டிஸையர்' என்றிருந்தது. "உம்மா பார்த்தால் என்ன நினைப்பார்கள், ஹஜ்ரத்?" என்றார். அந்த உம்மாவின்மீது நமக்கு வருத்தமில்லை. 'இச்சை மாளிகை' என்ற பெயருடைய நூலை எந்தத் தாய் ஐயுறாமல் வீட்டில் வைப்பாள்? நம் வழக்கு அப்பெயரைச் சூட்டியவரோடுதான்.

1957இல் வெளிவந்த அந்நூலின் அரபிப் பெயர் 'கஸ்ருஷ் ஷவ்க்'. அது கெய்ரோவின் ஜமாலிய்யாப் பகுதியிலுள்ள ஒரு தெரு. முதற்பாகமான 'பைனல் கஸ்ரைன்', மூன்றாம் பாகமான 'அஸ்ஸுக்கரிய்யா' ஆகியவையும் அப்பழைய நகரின் இடப்பெயர்களே. ஃபாத்திமிய்யா கலீஃபாக்களின் இரு அரண்மனைகளுக்கு நடுவே கிடந்த வெளி 'இரு அரண்மனைகளுக்கிடையே' எனப்பட்டது. அரண்மனைகள் மறைந்து பல நூற்றாண்டுகள் ஆயின. பெயர் தெருவில் தங்கிற்று. கதையில் வருவோரோ மளிகை வணிகர் அஹ்மத் அப்துல் ஜவாதும் அவர் குடும்பத்தாருமே. கணவர் ஊரில் இல்லாதபோது ஹுஸைன் பள்ளிக்கு ஸியாரத் சென்ற குற்றத்துக்காகத் தாய்வீட்டுக்கு அனுப்பப்படுகிறாள் அமீனா. 1919 கிளர்ச்சியில் ஆங்கிலேயர் குண்டுக்கு இரையாகிறான் மகன் ஃபஹ்மி.

சொல்லுக்குச் சொல் பெயர்த்ததில் தவறென்ன என்பாருண்டு. இரண்டாம் பாகத்தில் தந்தையும் மகன் யாஸீனும் இச்சையின் பின்னே அலைவது உண்மைதானே என்றும் கேட்பர். உண்மையே. யாஸீனின் வீட்டை ஆசிரியர் அத்தெருவில் வைத்ததும் காரணமின்றி அன்று. ஆயின் கெய்ரோ வாசகர் முதலில் தெருவைக் காண்கிறார்; படிக்கப் படிக்கத்தான் பெயருக்குள் உறங்கிய பொருள் விழிக்கிறது. ஆங்கில வாசகருக்கோ தெரு மறைக்கப்பட்டுப் பொருள் மட்டும், அதுவும் திரிந்த பொருள், அட்டையிலேயே கையளிக்கப்படுகிறது. ஷவ்க் என்பது ஏக்கம். இறைவனை நாடி உருகும் உள்ளத்தின் நிலைக்கும் ஸூஃபியாக்கள் வழங்கும் சொல். அதன்மேல் அந்தப்புர வாசனை பூசியது யாரை மகிழ்விக்க? மூன்றாம் பாகத்துக்கு 'ஷுகர் ஸ்ட்ரீட்' என்றே பெயரிட்டார்கள். தெருவைத் தெரு என்று கூறத் தெரியாதவர்களல்லர்.

இம்மூன்றிலும் அத்தியாயங்களுக்குத் தலைப்பில்லை, எண்களே உள. ஆதலால் எதிர்பார்ப்பின் சுமை முழுவதும் அட்டைப் பெயர்மேல் விழுகிறது. அதே ஆசிரியர் 1959இல் 'அல் அஹ்ராம்' இதழில் எழுதிய 'அவ்லாது ஹாரத்தினா'வில் முறை வேறு. அத்ஹம், ஜபல், ரிஃபாஆ, காஸிம், அரஃபா எனப் பகுதிகளுக்குப் பெயரிட்டார். முதல் நான்கும் எந்நபிமாரைச் சுட்டுகின்றன என்பது அரபி அறிந்தோர்க்கு உடனே விளங்கும். அங்கே எதிர்பார்ப்பை மூட்டியவர் ஆசிரியரே. எழுந்த வினாக்களுக்கு 'வெறும் கதை' என்ற விடை போதாது. ஆயினும் தலைப்புகளை மட்டும் கண்டு தீர்ப்பளித்த கூட்டத்தில் நாம் சேரோம். 1994இல் 82 வயது முதியவரின் கழுத்தில் கத்தி பாய்ந்த பின்னும் அவ்வவசரத்தை மார்க்கப் பற்று என்பது நமக்கு நாணம் தருவது.

நம்மவர்க்கும் ஒரு சொல். சிறுவயதிலேயே அலிஃப், பே கற்றுத் தரும் நாம், ஓர் அரபு வீட்டின் கதையை அறிய ஆங்கில அட்டையையே நம்பியிருக்கிறோம். எத்தனை மதரஸாக்களில் இன்றைய அரபி உரைநடையில் ஒரு பக்கமேனும் ஓதிக்கொடுக்கப்படுகிறது?

அம்மாணவரின் பொதிதாள்மேல் 'கஸ்ருஷ் ஷவ்க்' என்று அரபியில் எழுதினோம். "தெருவின் பெயர் என்று உம்மாவிடம் கூறும், உள்ளே இருப்பதையும் மறைக்காமல் கூறும்" எனச் சொல்லி அனுப்பினோம்.