"சத்தம் வந்தா பாத்துக்கலாம்" கோஷ்டிக்கு

நம்ம ஊர் கார்க்காரர்கள் பலருக்கு ஒரே தாரக மந்திரம்: "ஓடுற வரைக்கும் ஓடட்டும், சத்தம் வந்தா பாத்துக்கலாம்." பிரேக் பேட் தேய்ந்தால் கீச்சிடும், டயர் தேய்ந்தால் கண்ணுக்குத் தெரியும். டைமிங் பெல்ட் பெரும்பாலும் எதுவுமே சொல்லாது. ஒரு நாள் அறுந்துவிடும், அவ்வளவுதான்.

அது பல் வைத்த ஒரு ரப்பர் பட்டை. கிராங்க் ஷாஃப்ட் இரண்டு சுற்று சுற்றினால் கேம் ஷாஃப்ட் ஒரு சுற்று சுற்ற வேண்டும். இந்தக் கணக்கு பிசகாமல் பார்த்துக்கொள்வதுதான் அதன் வேலை. 3000 ஆர்.பி.எம்.மில் ஒவ்வொரு வால்வும் நொடிக்கு 25 முறை திறந்து மூடுகிறது. பெல்ட் அறுந்தால் கேம் நின்றுவிடும், பிஸ்டன் உடனே நிற்காது. திறந்தபடி நின்ற வால்வில் போய் மோதும். டீசல் எஞ்சின்களில் இடைவெளி மிகக் குறைவு என்பதால் வால்வு தப்புவது அபூர்வம். பணத்தை விடுங்கள். பைபாஸில் 90-ல் போகும்போது எஞ்சின் செத்தால் ஸ்டியரிங் இறுகும், நாலைந்து மிதியில் பிரேக்கும் கல்லாகிவிடும். பின்னால் வரும் லாரிக்கு இதெல்லாம் தெரியுமா?

இனி வழக்கமான சாக்குகள்.

"மெக்கானிக் அண்ணன் பாத்துட்டு நல்லாத்தான் இருக்குன்னார்." விரிசல் தெரிந்தால் உடனே மாற்ற வேண்டும், சரி. ஆனால் விரிசல் இல்லாதது எதற்கும் உத்தரவாதம் இல்லை. பலத்தைத் தருவது உள்ளே இருக்கும் இழைகள். அவற்றை எந்த அண்ணனாலும் வெளியிலிருந்து பார்க்க முடியாது.

"லைட் எரியலையே." பழைய டீசல் இன்னோவாவில் டி-பெல்ட் என்று ஒரு விளக்கு உண்டு. அது பெல்ட்டைப் பார்ப்பதில்லை, கிலோமீட்டரை எண்ணுகிறது. மீட்டரைத் திருத்தி விற்கும் ஊரில் அதை நம்பலாமா?

"8 வருஷத்துல 30,000 தான் ஓடியிருக்கு." ஷெட்டில் நின்றாலும் ரப்பருக்கு வயசாகும் சார்!

"கம்பெனி கணக்கு இன்னும் முடியலையே." ஃபோர்டின் 1.0 ஈகோபூஸ்ட் எஞ்சினில் பெல்ட் ஆயிலுக்குள்ளேயே ஓடும். 10 வருஷம் அல்லது 2,40,000 கிலோமீட்டர் என்றார்கள். பல வண்டிகளில் அதற்கு வெகுமுன்பே பெல்ட் உதிர்ந்து, ஆயில் போகும் வழியை அடைத்தது. கம்பெனி சொல்லும் எண் கடைசி எல்லை. அதைத் தொட்டே தீருவேன் என்று யாரும் சபதம் எடுக்கத் தேவையில்லை.

அதற்காக, சர்வீஸ் சென்டர் சொன்னதும் தலையாட்டச் சொல்லவில்லை. பழைய ஸ்விஃப்ட் டீசலில் இருப்பது பெல்ட்டே அல்ல, செயின். முதலில் உங்கள் வண்டியில் எது என்று பாருங்கள் :-)

பெல்ட் என்றால் என் கட்சி இது. புத்தகத்தில் உள்ள கிலோமீட்டர், வருஷம், இரண்டில் எது முந்துகிறதோ அதற்குக் கொஞ்சம் முன்பே மாற்றுங்கள். பெல்ட் மேல் ஆயிலோ கூலன்ட்டோ கசிந்திருந்தால் (ஈகோபூஸ்ட் மாதிரி வண்டிகள் தனி) கணக்கே வேண்டாம், உடனே மாற்றுங்கள். செகண்ட் ஹேண்ட் வண்டியில் மாற்றியதற்கு பில் இல்லையா? மாற்றவில்லை என்றே அர்த்தம். டென்ஷனர், ஐட்லர், அதே பெல்ட்டில் ஓடும் வாட்டர் பம்ப், எல்லாவற்றையும் சேர்த்தே மாற்றுங்கள். பிரித்துக் கோர்க்கும் கூலிதான் பெரிசு, அதை ஏன் இரண்டு தடவை கொடுக்க வேண்டும்?

"எனக்கு ஒண்ணும் ஆகலையே" என்று யாராவது வருவார்கள். பெல்ட் அறுவதற்கு முந்தின நாள் வரை எல்லோருக்கும் ஒன்றும் ஆகாமல்தான் இருந்தது.