காற்றாலை வேண்டாம் என்றால் நாடு பிரிந்துவிடுமா?

2025 ஓகஸ்டில் மன்னார்ச் சனம் வீதிக்கு வந்து கேட்டது இவ்வளவுதான்: தீவுக்குள் இனியும் காற்றாலை வேண்டாம், கனியமணலைத் தோண்ட வேண்டாம். 2020இல் திறந்த தம்பபவனியின் 30 காற்றாலைகள் ஏற்கெனவே கரையில் நிற்கின்றன. அதுக்கு மேல் இன்னும் 14. மழைத்தண்ணி வடியாது, மீன்பிடி படுத்துவிடும், வலசை வாற பறவைகளுக்கும் ஆபத்து என்பது சனத்தின் பயம். ஜனாதிபதி வேலையை ஒரு மாதம் நிறுத்திவைத்தார். பிறகு செப்டெம்பர் 26 இரவு, காற்றாலைப் பாகங்கள் வந்த வழியில் நின்றவர்கள் மேல் பொலிஸ் பலப்பிரயோகம் செய்தது. 29ஆம் திகதி ஹர்த்தால்.

இதில் பிரிவினை எங்க இருக்கு? ஆனாலும் வடக்கில் எதைக் கேட்டாலும் "இதுக்குப் பின்னால ஆர்?" என்ற கேள்விதான் முதலில் வரும். மன்னார் ஆயராக இருந்த இராயப்பு ஜோசப் ஆண்டகை, 2011இல் நல்லிணக்க ஆணைக்குழு முன் 1,46,679 பேருக்கு என்ன நடந்தது என்று கேட்டார். அரசினதும் ஐ.நா.வினதும் புள்ளிவிவரங்களில் இருந்து எடுத்த கணக்கு அது. பதிலைக் காணவில்லை, புலி ஆதரவாளர் என்ற முத்திரைதான் வந்தது.

சட்டம் இதைவிடத் தெளிவாக இருக்கிறது. 1983இன் ஆறாம் திருத்தம் தடுப்பது தனிநாட்டுக் கோரிக்கையை. சமஷ்டி கேட்பது தனிநாடு கேட்பது ஆகாது என்று 2017 ஓகஸ்டில் உயர் நீதிமன்றமே தமிழரசுக் கட்சி வழக்கில் சொல்லிவிட்டது. சமஷ்டியே பிரிவினை இல்லை என்றால், காற்றாலையைத் தள்ளி வை என்பது எப்படிப் பிரிவினை ஆகும்?

எங்களைக் கேட்டால், தனிநாடு பற்றிப் பேசுவதையும் குற்றமாக்கக்கூடாது. 2014இல் ஸ்கொட்லாந்து மக்கள் பிரிவதா இல்லையா என்று வாக்குப் போட்டே முடிவெடுத்தார்கள். பேச்சுக்குப் பேச்சு, வாக்குக்கு வாக்கு. கோட்டைப் போட வேண்டிய இடம் வன்முறை.

அந்தக் கோடு எங்களுக்கும் பொருந்தும். 1990 ஒக்டோபரில் மன்னார் முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றினார்கள். பக்கத்து வீட்டுக்காரரைத் துரத்திய ஒன்றை உரிமைப் போராட்டம் என்று எங்களால் சொல்ல முடியாது. 2025இல் அதே ஊரில் பாதர்மாரும் முஸ்லிம் மக்களும் ஒன்றாக நின்றதை அதனால்தான் பெரிதாக நினைக்கிறோம்.

தெற்கில் இருக்கிற நண்பர்களுக்கும் ஒன்று சொல்லவேண்டும். 2022இல் காலிமுகத்திடலில் நின்றவர்கள் ஒரு ஜனாதிபதியையே அனுப்பினார்கள். பிறகு மாணவர் தலைவர் வசந்த முதலிகேயைப் பிடித்து வைக்கப் பயன்பட்டது, 1979இல் தமிழ் இளைஞரைக் காட்டிக் கொண்டுவந்த அதே பயங்கரவாதத் தடைச் சட்டம். எங்களுக்கென்று செய்த விலங்கு உங்கட கைக்கும் அளவாத்தான் இருக்கு.

ஆகவே அடுத்த முறை மன்னாரில் சனம் வீதிக்கு வந்தால், பின்னால் ஆர் என்று தேடாதேங்கோ. என்ன கேட்கிறார்கள், எப்படிக் கேட்கிறார்கள் என்று மட்டும் பாருங்கோ.