வண்டி எங்க தூங்குது?

மொதல்லயே ஒரு உண்மையை ஒத்துக்கிட்டு ஆரம்பிச்சுடறேன். 190 டாலர் மிச்சம் பண்றேன்னு கிளம்பி, ஒரு நல்ல மனுஷனுக்கு 11,000 டாலர் செலவு இழுத்து விட்டவன் நான். "நீயெல்லாம் இன்சூரன்ஸ் பத்தி பேச வந்துட்டியா?"ன்னு நீங்க கேக்கலாம். நியாயம்தான். ஆனா பட்டவன் சொல்றதை ஒரு தடவை கேட்டு வெச்சுக்கறதுல தப்பில்ல.

எங்க டீம்ல ஒரு சீனியர் இருக்கார். எனக்கு அண்ணன் மாதிரி. சிகாகோ பக்கத்துல வீடு. கொரோனா சமயத்துல அமெரிக்காவுல நிறைய பேருக்கு பிடிச்ச ஆர்.வி. பைத்தியம் அவரையும் பிடிச்சுது. (2021-ல மட்டும் 6 லட்சத்துக்கும் மேல ஆர்.வி. ஃபேக்டரியை விட்டு வெளிய வந்துச்சு. அதுவரைக்கும் அப்படி ஒரு வருஷம் இருந்ததில்ல.) ஆர்.வி.ன்னா கட்டில், அடுப்பு, குளிக்கற ரூம் எல்லாம் உள்ளயே இருக்கற வண்டி. நம்ம வண்டிக்குப் பின்னாடி மாட்டி இழுத்துட்டுப் போறது ட்ரெய்லர். தானா ஓடறது மோட்டார் ஹோம். அண்ணன் 2022 ஆகஸ்ட்ல ஒரு பழைய மோட்டார் ஹோம் வாங்கினார். 24 அடி நீளம்.

வாங்கியாச்சு, எங்க நிறுத்தறது? அவர் இருக்கற குடியிருப்போட சங்கத்துல வீட்டு வாசல்ல ஆர்.வி. நிறுத்தக் கூடாதுன்னு ரூல். அதுவுமில்லாம அவங்க குடும்பமே மலைப் பைத்தியம். சிகாகோவுல இருந்து டென்வர் 1,000 மைல். அயோவா, நெப்ராஸ்கான்னு ரெண்டு மாநிலத்தை முழுசா தாண்டணும். காலனுக்கு 10 மைல் குடுக்கற வண்டியை ஒவ்வொரு தடவையும் அவ்ளோ தூரம் உருட்டிக்கிட்டுப் போறதுக்கு, அங்கயே நிறுத்திட்டு பிளேன்ல போயிடலாம்னு முடிவு பண்ணினார். கொலராடோவுல லவ்லண்ட்னு ஒரு ஊர். அங்கேருந்து ராக்கி மவுண்டன் தேசியப் பூங்கா ஒரு மணி நேரம்தான். மாச வாடகைக்கு திறந்தவெளி யார்டுல இடம் பிடிச்சாச்சு.

ஆக ஓனர் இல்லினாய்ஸ், நம்பர் பிளேட் இல்லினாய்ஸ், வண்டி மட்டும் கொலராடோ. இங்கதான் நான் உள்ள வர்றேன்.

ஒரு ஞாயித்துக்கிழமை அவர் வீட்ல காபி குடிச்சுக்கிட்டு இருந்தப்ப லேப்டாப்பை என் பக்கம் தள்ளி, "தம்பி, இந்த இன்சூரன்ஸ் ஃபார்மை கொஞ்சம் போட்டுக் குடேன்"னார். போட்டேன். வண்டி வழக்கமா நிக்கற இடத்தோட ஜிப் கோடு என்னன்னு ஒரு கட்டம் இருந்துச்சு. லவ்லண்ட் ஜிப் கோடு போட்டேன். ஒரு தொகை காட்டுச்சு. நம்ம புத்தி சும்மா இருக்குமா? டெஸ்டிங் பண்ற மாதிரி வீட்டு ஜிப் கோடை போட்டுப் பாத்தேன். வருஷத்துக்கு 190 டாலர் குறைஞ்சுது!

"அண்ணே, வீட்டு அட்ரஸ் போட்டா கம்மியா வருது."

"அது சரியா வருமா தம்பி?"

"ரெஜிஸ்ட்ரேஷனே இங்கதானே அண்ணே. ஒண்ணும் ஆகாது."

பட்டனை அழுத்தினதும் நான்தான்.

2023 ஜூன்ல ஒரு சாயங்காலம் லவ்லண்ட் யார்டுல ஆலங்கட்டி மழை. கூரையில இருந்த கண்ணாடி ஜன்னல், காத்து போற மூடிகள், ஏ.சி. கவர் எல்லாம் உடைஞ்சு, பக்கவாட்டு ஃபைபர் சுவர் பூரா அடி. உள்ள தண்ணி. ரிப்பேருக்கு 11,000 டாலர்னு எஸ்டிமேட். கம்பெனி ஆள் வந்து பாத்தார். ரொம்ப மரியாதையாத்தான் கேட்டார்: "வண்டி எவ்ளோ நாளா இங்க நிக்குது?" அண்ணன் உண்மையைச் சொன்னார், வாங்கினதுல இருந்தே இங்கதான்னு. யார்டு வாடகை ரசீது கேட்டாங்க, குடுத்தார். ஆறு வாரம் கழிச்சு லெட்டர் வந்துச்சு. வண்டி நிக்கற இடத்தை தப்பா சொன்னதால பாலிசி ஆரம்பத்துல இருந்தே செல்லாது, க்ளெய்ம் கிடையாது, கட்டின பிரீமியத்துக்கு செக் இணைக்கப்பட்டுள்ளது.

அந்த "ஆரம்பத்துல இருந்தே"ங்கற வார்த்தைதான் என்னைத் தூங்க விடல. செப்டம்பர்லயும் மே மாசத்துலயும் குழந்தைங்களோட மலைப்பாதையில அந்த வண்டியை ஓட்டிருக்கோம். கம்பெனி கணக்குப்படி அன்னிக்கெல்லாம் அந்த வண்டிக்கு இன்சூரன்ஸே இல்ல.

சரி, இப்ப என் கருத்துக்கு வர்றேன். கம்பெனியைத் திட்டி எழுதினா நாலு பேர் கைதட்டுவாங்க. ஆனா யோசிச்சுப் பாத்தா, இந்த விஷயத்துல அவங்க கேட்ட கேள்வி சரியான கேள்வி. நான் சொன்ன பதில்தான் பொய்.

நம்மூர் பழக்கத்துல நம்பர் பிளேட் எந்த ஊரோ அதுதான் வண்டியோட ஊர்னு நினைச்சுக்கறோம். ஒரு மோட்டார் ஹோம் வருஷத்துல எத்தனை நாள் ஓடும்? அண்ணனோடது 25 நாள் ஓடினா பெருசு. மிச்ச 340 நாள் சும்மா நிக்குது. நிக்கற வண்டிக்கு என்ன ஆபத்து? திருட்டு, தீ, வெள்ளம், மரம் விழறது, ஆலங்கட்டி. இதெல்லாம் ஓனர் தூங்குற ஊரைப் பொறுத்து வர்றதில்ல, வண்டி தூங்குற ஊரைப் பொறுத்து வருது. டென்வர் பக்கத்து மலையடிவாரம் அமெரிக்காவுலயே ஆலங்கட்டிக்குப் பேர் போன இடம். 2017 மே 8 அன்னிக்கு டென்வர்ல பெஞ்ச ஒரே மழையில இன்சூரன்ஸ் கம்பெனிங்களுக்கு 230 கோடி டாலர் காலி. லேக்வுட்ல ஒரு பெரிய மாலையே பல மாசம் மூடி வெச்சாங்க. 2023 ஜூன் 21 அன்னிக்கு ரெட் ராக்ஸ் திறந்தவெளி அரங்கத்துல கச்சேரி பாக்க வந்தவங்க பல பேருக்கு ஆலங்கட்டி அடிச்சு காயம். அந்த 190 டாலர் எதுக்குன்னு இப்பப் புரியுதா? அது கொள்ளை இல்ல, அந்த வானத்தோட விலை.

இன்னொரு காரணமும் இருக்கு. அமெரிக்காவுல இன்சூரன்ஸ் மாநிலத்து விவகாரம். 1944-ல சுப்ரீம் கோர்ட் இது மத்திய அரசு கட்டுப்படுத்தக் கூடிய வியாபாரம்னு தீர்ப்பு சொல்லுச்சு. அடுத்த வருஷமே, 1945-ல, மெக்கரன்-ஃபெர்குசன் சட்டம் போட்டு காங்கிரஸ் அதை மாநிலங்க கையிலயே விட்டுடுச்சு. அதனால ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனி விதி, தனி ரேட். ஒரு மாநிலத்துல ரெஜிஸ்டர் பண்ணி வேற மாநிலத்துல நிறுத்தற வண்டியை சில கம்பெனி ஏத்துக்கும், சில கம்பெனி மாட்டேன்னுடும். கேட்டாத்தான் தெரியும். கேக்காம இருந்தா க்ளெய்ம் அன்னிக்குத் தெரியும்.

கம்பெனி மேல தப்பே இல்லையான்னா, இருக்கு. 24 அடி வண்டிக்கு ஃபார்ம்ல ஒரே ஒரு ஜிப் கோடு கட்டம்தான். வருஷத்துல பாதி இங்க, பாதி அங்கன்னு நிறுத்தறவன் என்ன போடுவான்? தப்பா போட்டா பாலிசி செல்லாதுன்னு அந்தக் கட்டத்துக்குப் பக்கத்துலயே ஒரு வரி எழுதி வெச்சா என்ன குறைஞ்சுடும்? அதை 40 பக்க பாலிசியோட நடுவுல புதைச்சு வெக்கறாங்க. ஃபார்ம் டிசைன் பண்றவன்ங்கற முறையில எனக்கு இதுல கோவம் உண்டு. ஆனா ஒண்ணு, அந்தக் கட்டத்துல என்ன கேட்டிருந்துச்சுன்னு எனக்கு அன்னிக்கே புரிஞ்சுது. புரியாதவன் ஏமாந்தா அது வேற. நான் புரிஞ்சே மாத்தினேன்.

இதே வியாதியோட பெரிய வடிவம் ஒண்ணு இருக்கு, மொன்டானா கம்பெனி. மொன்டானாவுல விற்பனை வரி கிடையாது. அதனால கலிஃபோர்னியாவுல இருக்கறவர் மொன்டானாவுல பேருக்கு ஒரு எல்.எல்.சி. ஆரம்பிச்சு, வண்டியை அது பேர்ல ரெஜிஸ்டர் பண்ணிடுவார். மொன்டானாவை போட்டோவுல கூட பாத்திருக்க மாட்டார். சொந்த மாநிலம் வரி கேட்டு துரத்தறது ஒரு பக்கம். இன்சூரன்ஸ் எடுக்கறப்ப ஓனர் ஒரு மாநிலம், டிரைவர் ஒரு மாநிலம், வண்டி நிக்கறது இன்னொரு மாநிலம். மூணையும் அப்படியே சொன்னா பாலிசி கிடைக்கறது கஷ்டம். மறைச்சா எங்க கதைதான்.

பட்டதுக்கு அப்புறம் பாலிசியைப் படிச்சதுல தெரிஞ்சுக்கிட்டது கொஞ்சம் சொல்றேன்.

வண்டி நிக்கற இடத்தை ஏஜென்ட் கிட்ட போன்ல சொன்னாப் பத்தாது. மெயில்ல எழுதி, பாலிசியோட முதல் பக்கத்துல அந்த ஊர் பேர் வந்திருக்கான்னு பாருங்க. இடம் மாத்தினா அன்னிக்கே சொல்லுங்க.

"ஸ்டோரேஜ் கவரேஜ்"னு ஒண்ணு மலிவா குடுப்பாங்க. வண்டி நிக்கற மாசங்கள்ல மோதல், மூணாம் மனுஷனுக்கான பொறுப்பு ரெண்டையும் நிறுத்தி வெச்சுட்டு திருட்டு, தீ, மழை மாதிரியான சேதத்துக்கு மட்டும் வெச்சுக்கறது. நல்லதுதான். ஆனா அந்த சமயத்துல பக்கத்து பெட்ரோல் பங்க் வரைக்கும்கூட ஓட்டக் கூடாது. நியூயார்க் மாதிரி மாநிலத்துல பிளேட்டை வெச்சுக்கிட்டு பொறுப்புக் காப்பீட்டை நிறுத்தவும் முடியாது, பிளேட்டைத் திருப்பிக் குடுக்கணும்.

ட்ரெய்லர்னா, இழுத்துட்டுப் போறப்ப அது அடுத்தவனுக்குப் பண்ற சேதத்துக்கு பொதுவா இழுக்கற வண்டியோட பாலிசி பொறுப்பு. யார்டுல நிக்கற ட்ரெய்லருக்கு ஏதாவது ஆனா அதுக்குத் தனி பாலிசி வேணும்.

யார்டுக்காரங்க இன்சூரன்ஸ் அவங்க இடத்துக்கு, உங்க வண்டிக்கு இல்ல. வாடகை ஒப்பந்தத்துல பெரும்பாலும் அதை எழுதியே வெச்சிருப்பாங்க. குளிர்ல குழாய் வெடிக்கறது, எலி ஒயரைக் கடிக்கறது இதெல்லாம் நிறைய ஆர்.வி. பாலிசியில பராமரிப்புக் குறைன்னு தள்ளிடுவாங்க. பனி வர்றதுக்கு முன்னாடி தண்ணியை வடிச்சு ஆன்டிஃப்ரீஸ் ஊத்தறது உங்க வேலை.

ஃப்ளோரிடா பக்கம் நிறுத்தறவங்க இன்னொண்ணு கவனிக்கணும். புயல் நெருங்கிட்டா கம்பெனிங்க புது பாலிசி எழுதறதை நிறுத்திடுவாங்க. டி.வி.யில புயல் பேரைக் கேட்டுட்டு போன் எடுத்தா லேட்.

அண்ணன் இப்ப வேற கம்பெனியில லவ்லண்ட் ஜிப் கோடு போட்டு பாலிசி எடுத்திருக்கார். "இதுக்கு முன்னாடி ஏதாவது கம்பெனி உங்க பாலிசியை ரத்து பண்ணியிருக்கா?"ன்னு ஒரு கேள்வி. ஆமான்னு போட்டார். பிரீமியம் பழசை விட 400 டாலர் அதிகம். அந்த ஃபார்மை அவரே உக்காந்து போட்டார், என்னைக் கூப்பிடல. ரிப்பேர் செலவுல பாதி நான் தர்றேன்னேன், வாங்கிக்க மாட்டேன்னுட்டார். ஒரு வார்த்தை திட்டவும் இல்ல. அண்ணிதான் சாப்பாடு போட்டுக்கிட்டே சொன்னாங்க: "ஏன் தம்பி, மாசம் பதினாறு டாலர்தானே அதிகம்? நாங்க கட்டியிருப்போமே."

அதுக்கு இன்னி வரைக்கும் என்கிட்ட பதில் இல்ல.

உங்க வண்டி எந்த ஊர்ல நின்னாலும் சரி, அந்த ஊர் பேரையே எழுதுங்க. வித்தியாசம் 190 டாலரா இருந்தாலும் கட்டிடுங்க. ஃபார்மை வேற யாராவது போட்டுக் குடுத்தா, பட்டனை அழுத்தறதுக்கு முன்னாடி அந்த ஒரு கட்டத்தை நீங்களே ஒரு தடவை படிச்சுப் பாருங்க.