காற்றுக்குடைக்கு மேலே

நிலவில்லா இரவில் அரிமளத்து வயல்வெளியில் நின்று அண்ணாந்து நோக்கினும், விண்ணொளியின் ஒரு சிறு பகுதியையே நாம் காண்கிறோம். ஒளியின் இனத்தைச் சேர்ந்தவையே எனினும் கண்ணுக்குப் புலனாகாத காமாக் கதிர்களும் வானினின்று ஓயாது வருகின்றன. அவை நேரே நிலத்தை எட்டின் உயிர்களுக்குக் கேடு விளையும். காற்று மண்டலம் குடையாக நின்று அவற்றைத் தடுக்கிறது. நம்மைக் காக்கும் அக்குடையே அவற்றை நம்மிடமிருந்து மறைத்தும் விடுகிறது. ஆதலின் அவற்றை ஆராயும் கருவிகள் காற்றுக்கு மேலே செல்ல வேண்டியதாயிற்று.

எவரேனும் மறைவாக அணுகுண்டு வெடித்துச் சோதிக்கின்றனரோ என்று கண்காணிக்க, அமெரிக்கா வேலா என்னும் துணைக்கோள்களை ஏவியிருந்தது. 1967 ஜூலை 2 அன்று அவற்றில் காமாக் கதிர்களின் வீச்சொன்று பதிவாயிற்று. ஆராய்ந்தபோது, அத்தகைய வீச்சுகள் பூமியிலன்றித் தொலை விண்வெளியில் எழுபவை எனத் தெளிந்தது; 1973இல் உலகும் அதனை அறிந்தது. பெரும் விண்மீன்கள் மடிகையிலும், நியூட்ரான் விண்மீன்கள் இரண்டு மோதுகையிலும் இவ்வெடிப்புகள் நிகழ்கின்றன என இன்று அறிகிறோம்.

1975 ஏப்ரல் 19 அன்று சோவியத் மண்ணிலிருந்து ஏவப்பட்ட நமது முதல் துணைக்கோளான ஆரியபட்டா, கதிரவனின் காமாக் கதிர்களை ஆராயும் கருவியையும் சுமந்து சென்றது. மின்வழங்கல் பழுதுற்றதால் சில நாட்களிலேயே ஆய்வுகள் நின்றுபோயின. ஆயினும் நம்மவர் சோர்ந்துவிடவில்லை. 2015 செப்டம்பர் 28 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து எழுந்த அஸ்ட்ரோசாட், ஏழு ஆண்டுகளுக்குள் 500க்கும் மேற்பட்ட காமாக் கதிர் வெடிப்புகளைக் கண்டறிந்தது.

இரவில் முற்றத்தில் அமர்ந்து பிள்ளைகளுக்கு விண்மீன்களைக் காட்டும் பெற்றோர், கண்ணுக்கெட்டாத இவ்வொளியைப் பற்றியும் அவர்களுக்கு எடுத்துரைப்பார்களாக. கேள்வி கேட்கும் பிள்ளையே நாளை அடுத்த கருவியைச் செய்வான், செய்வாள்.